அடி ஓரிடம், வடு வேறிடம்: டி.என்.ஏ. வழியே நகரும் மின்னூட்டம்



மும்பையின் செம்பூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் டிராம்பே அணு ஆய்வு வளாகத்தில் வேலை பார்த்த ஒருவரையாவது அறியாத வீடு குறைவு. 1956 ஆகஸ்டு 4 அன்று அப்சரா உலை இயங்கத் தொடங்கியது அங்கேதான். 1974 முதல் அதே வளாகத்தில் ஐசோமெட் என்ற நிலையம் இயங்கி வருகிறது. ஊசிக்குழாய், கட்டுத்துணி, கையுறை போன்ற மருத்துவப் பொருள்களைப் பெட்டியைப் பிரிக்காமலே கோபால்ட்-60 வெளிவிடும் காமா கதிரில் காட்டிக் கிருமி நீக்குவார்கள். அதற்குரிய வழக்கமான கதிரளவு 25,000 கிரே. மனித உடல் முழுவதும் ஒரே வீச்சில் நான்கைந்து கிரே பட்டால், சிகிச்சை இல்லாத நிலையில் பாதிப்பேர் பிழைப்பது அரிது. பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையில் புற்றுநோயாளிக்குக் கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் நாளுக்கு 2 கிரே அளவில் வாரக்கணக்கில் கொடுப்பார்கள்.

கிருமி சாவதற்கும், கட்டி கரைவதற்கும், நல்ல செல் கெட்டுப்போவதற்கும் முதன்மைக் காரணம் ஒன்றே. கதிர் டி.என்.ஏ.வைச் சிதைக்கிறது. ஒரு கிரே கதிர் பட்டால் நம் செல் ஒன்றில் ஏறத்தாழ ஆயிரம் இடங்களில் டி.என்.ஏ.வின் ஒரு இழை அறுகிறது. முப்பது, நாற்பது இடங்களில் இரண்டு இழைகளும் சேர்ந்தே அறுகின்றன. இவை போக டி.என்.ஏ.வின் எழுத்துகளான காரங்களில் ஏற்படும் வேதிமாற்றங்கள் தனி.

இந்தச் சேதங்கள் எங்கே நிகழ்கின்றன என்பதுதான் இன்று மாலை நான் பேச வந்த பொருள். கதிர் பட்ட இடத்திலேயே புண் என்று நினைப்பது இயல்பு. பல சேதங்கள் அப்படித்தான் உண்டாகின்றன. ஆனால் எலக்ட்ரான் பறிபோன இடம் ஒன்றாகவும், அதனால் வேதிமாற்றம் அடைந்து நிரந்தரமாகக் கெட்டுப்போன இடம் வேறொன்றாகவும் இருக்கக்கூடும் என்பதைக் கடந்த அறுபது ஆண்டுகளின் ஆய்வு காட்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே டி.என்.ஏ. வழியாகவே ஒரு பயணம் நடக்கிறது. அந்தப் பயணத்தைக் கணக்கில் பிடிக்க முயன்றவர்களின் கதையும், அதனால் உயிரியலுக்கு என்ன பயன் என்ற விவாதமும் எனக்கு மிகவும் நெருக்கமானவை.

டி.என்.ஏ.வின் அமைப்பை மாணவர்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்று நான்கு காரங்கள். அடினைனுக்கு எதிரே தைமின், குவானைனுக்கு எதிரே சைட்டோசின். இந்த இணைகள் தட்டையானவை. ஒன்றன் மேல் ஒன்றாக 0.34 நானோமீட்டர் இடைவெளியில் அடுக்கப்பட்டுச் சுமார் பத்து இணைகளுக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகின்றன. கிராஃபைட்டின் அடுக்குகளுக்கு நடுவிலும் ஏறக்குறைய இதே இடைவெளிதான். இந்த ஒற்றுமையைக் கண்டவர்களுக்கு ஒரு கேள்வி எழாமல் இருக்குமா? இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் எலியும் ஸ்பைவியும் 1962-இல் உலர்ந்த டி.என்.ஏ.வின் மின்கடத்தலை அளந்து, அடுக்கிய காரங்கள் வழியே எலக்ட்ரான் செல்ல முடியும் என்று எழுதினார்கள். வாட்சனும் கிரிக்கும் அமைப்பை வெளியிட்டு அப்போது ஒன்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

நகர்வது என்ன என்பதை இங்கேயே தெளிவாக்கிவிடுகிறேன். கதிரோ ஓர் ஆக்சிஜனேற்றியோ ஒரு காரத்திலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்கினால் அங்கே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. இயற்பியலில் அதைத் துளை என்கிறோம். நெரிசலான லோக்கல் ரயிலில் ஒருவர் எழுந்து போனதும் பக்கத்து இருக்கைக்காரர் அங்கே நகர்ந்து உட்கார, அவர் இடத்துக்கு அடுத்தவர் நகர, காலி இருக்கை எதிர்த்திசையில் போய்க்கொண்டே இருக்கும் அல்லவா? துளையும் அப்படித்தான் பயணிக்கிறது.

எந்த இடத்தில் அது தங்கும் என்பதைக் காரங்களின் ஆற்றல் முடிவு செய்கிறது. தனித்த மூலக்கூறாக, வாயு நிலையில், குவானைனிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கச் சுமார் 7.8 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அடினைனுக்கு 8.3, சைட்டோசினுக்கு 8.7, தைமினுக்கு 8.9. நான்கில் எளிதாக எலக்ட்ரானை விட்டுக்கொடுப்பது குவானைன். ஆகவே துளை எங்கே பிறந்தாலும் குவானைனை நாடுகிறது. இரண்டு மூன்று குவானைன்கள் அடுத்தடுத்து இருந்தால் இன்னும் விருப்பத்தோடு தங்குகிறது. திரவ நைட்ரஜன் குளிரில், 77 கெல்வினில், கதிர் பட்ட டி.என்.ஏ.வை எலக்ட்ரான் சுழல் ஒத்ததிர்வு முறையில் சோதித்தவர்கள், துளை குவானைனிலும், விடுபட்ட எலக்ட்ரான் சைட்டோசின், தைமின் பக்கமும் போய்ச் சேர்ந்திருப்பதைக் கண்டார்கள். கதிர் ஆள் பார்த்து அடிப்பதில்லை. ஆனாலும் துளைகள் ஒரே வகைக் காரத்தில் போய் முடிகின்றன.

1993-இல் வெளிவந்த ஒரு கட்டுரை இந்தத் துறையையே உலுக்கியது. கால்டெக்கின் ஜாக்குலின் பார்ட்டனும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் டூரோவும் செய்த சோதனை அது. பதினைந்து இணை நீளமுள்ள ஒரு டி.என்.ஏ.த் துண்டின் ஒரு முனையில் ருத்தீனியம் அணைவு ஒன்றைக் கட்டினார்கள். இந்த அணைவு தண்ணீரில் ஒளிராது. அதன் தட்டையான பகுதி டி.என்.ஏ. அடுக்குகளுக்குள் செருகிக்கொண்டால் பளிச்சென்று ஒளிரும். அடுத்து, மறுமுனையில் ரோடியம் அணைவு ஒன்றைக் கட்டினார்கள். இரண்டுக்கும் நடுவே 4 நானோமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தும் ருத்தீனியத்தின் ஒளி அணைந்துபோனது. ஒளியூட்டப்பட்ட எலக்ட்ரான் அத்தனை தொலைவையும் நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கடந்து ரோடியத்தை அடைந்துவிட்டது என்று அவர்கள் விளக்கினார்கள். டி.என்.ஏ. ஒரு மின்கம்பி என்ற செய்தி உலகெங்கும் பரவியது.

எதிர்ப்பும் உடனே வந்தது. 1996-இல் பிரியதர்ஷி, ரிஸ்ஸர், பெரட்டான் மூவரும் கணக்குப் போட்டுப் பார்த்து, டி.என்.ஏ. மூலக்கூற்று மின்கம்பி அன்று, புரதங்களில் எலக்ட்ரான் கடப்பதைப் போலத்தான் இங்கும் தொலைவு கூடக் கூட வேகம் சரசரவென்று குறைய வேண்டும் என்று எழுதினார்கள். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் நேரடி மின் அளவீடுகளும் வரத் தொடங்கின. அவை குழப்பத்தை இன்னும் கூட்டின. 1999-இல் பேசலைச் சேர்ந்த ஃபிங்க், ஷோனென்பெர்கர் இருவரும் டி.என்.ஏ. நன்றாகக் கடத்துகிறது என்றார்கள். 2000-இல் டெல்ஃப்ட்டில் போரத்தும் உடன் ஆய்ந்தவர்களும் முப்பது குவானைன்-சைட்டோசின் இணைகள் கொண்ட, 10.4 நானோமீட்டர் நீளமுள்ள துண்டைக் குறைகடத்தி என்றார்கள். வேறு குழுக்கள் நீளமான டி.என்.ஏ. மின்சாரத்தையே கடத்தவில்லை என்றன. 2001-இல் கசுமோவ் குழு ஒரு கெல்வினுக்குக் கீழே அது மீக்கடத்தியின் இயல்பைக் கடன் வாங்கிக்கொள்கிறது என்றது. ஒரே மூலக்கூறு கடத்தி, குறைகடத்தி, கடத்தாப் பொருள், மீக்கடத்தி என்று நான்கு பெயரும் பெற்றுவிட்டது.

இந்த முரண்பாட்டுக்கு யாருடைய நேர்மைக் குறைவும் காரணமன்று. உலர்த்திப் பரப்பிய டி.என்.ஏ. தளத்தில் ஒட்டி நசுங்கி, தன் இயல்பான 2 நானோமீட்டர் பருமனை இழந்துவிடுகிறது. சுற்றியுள்ள தண்ணீரும் சோடிய அயனிகளும் எத்தனை என்பது அளவீட்டுக்கு அளவீடு மாறுகிறது. முனைகளில் உலோகத்தோடு எப்படி இணைந்திருக்கிறது என்பதும் மாறுகிறது. 2004-இல் அரிசோனாவில் நாங்ஜியன் டாவோ குழு, தண்ணீருக்குள்ளேயே ஒற்றை மூலக்கூறை இரு தங்க முனைகளுக்கு நடுவே பிடித்து அளந்த பிறகுதான் நிலைமை தெளிந்தது. குவானைன்-சைட்டோசின் மட்டுமே உள்ள துண்டில் கடத்துதிறன் நீளத்துக்கு நேர்மாறாக மெதுவாகக் குறைந்தது. நடுவில் அடினைன்-தைமின் இணைகளைச் செருகியதும் ஒவ்வொன்றுக்கும் பல மடங்காகச் சரிந்தது.

ஏன் இப்படி என்பதைக் கணக்கிட்டுக் காட்டும் பணி கணினி மாதிரிகளை அமைப்பவர்களுடையது. அதைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். இந்த அரங்கில் இருக்கும் பிளஸ் டூ மாணவரும் செய்யக்கூடிய ஒரு சின்னக் கணக்கிலிருந்தே தொடங்கலாம்.

குவானைனில் இருக்கும் துளை பக்கத்து அடினைனுக்கு ஏற வேண்டும். அறை வெப்பநிலையில் அணுக்களின் வெப்ப ஆற்றல் 0.026 எலக்ட்ரான் வோல்ட். வாயு நிலை எண்களை எடுத்துக்கொண்டால் ஏற வேண்டிய உயரம் சுமார் 0.5 எலக்ட்ரான் வோல்ட். இதை வெப்ப ஆற்றலால் வகுத்தால் 19. இயற்கை மடக்கையின் அடிமான எண்ணான 2.718-ஐ 19 முறை பெருக்கினால் வருவது ஏறத்தாழ 18 கோடி. அதாவது துளை ஒருமுறை அடினைனில் காணப்பட்டால் 18 கோடி முறை குவானைனிலேயே இருக்கும். இந்த எண்ணை நம்பினால் அடினைன் வழி அடைக்கப்பட்ட வழி. ஆனால் செல்லில் டி.என்.ஏ. தண்ணீருக்குள் இருக்கிறது. தண்ணீர் மூலக்கூறுகள் துளையைச் சுற்றித் திரும்பி நின்று அதன் மின்னூட்டத்தைத் தாங்குகின்றன. தண்ணீரில் அளந்த ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் குவானைனுக்கு 1.29 வோல்ட், அடினைனுக்கு 1.42 வோல்ட். வித்தியாசம் 0.13 மட்டுமே. அதே கணக்கைப் போட்டால் 150-க்கு ஒன்று. அடைத்திருந்த வழி திறந்துகொள்கிறது. மாதிரியில் தண்ணீரைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற ஒரே முடிவு விடையைப் பத்து லட்சம் மடங்கு மாற்றிவிடுகிறது. கணினி மாதிரி தரும் எந்த எண்ணையும் கேட்கும்போது, அதில் என்னென்ன விட்டுவிட்டீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும் என்று என் மாணவர்களிடம் நான் ஓயாமல் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கணக்கு மெய்தானா என்பதற்குச் சான்று பேசலின் பெர்ன்ட் கீஸே செய்த சோதனைகளில் கிடைத்தது. இரண்டு குவானைன்களுக்கு நடுவே அடினைன்-தைமின் இணைகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனார். முதல் மூன்று இணைகள் வரை ஒவ்வொன்றுக்கும் துளை கடக்கும் வேகம் சுமார் பத்து மடங்கு குறைந்தது. இது குவாண்டம் விதிப்படி தடையை ஊடுருவிக் கடப்பது. அதற்கு மேல் இணைகளைக் கூட்டினால் வேகம் அவ்வளவாகக் குறையவில்லை. ஊடுருவ முடியாத தொலைவு வந்ததும் துளை அடினைன்களின் மேலேயே ஏறித் தத்தித் தத்திப் போகத் தொடங்கிவிட்டது. 2001-இல் நேச்சர் இதழில் வந்த இந்த முடிவு இருதரப்புச் சண்டையைப் பெருமளவு தணித்தது. குறுந்தொலைவில் பெரட்டான் தரப்பும் நெடுந்தொலைவில் பார்ட்டன் தரப்பும் கண்டவை ஒரே மூலக்கூறின் இரு நடைகள் என்று தெரிந்தது. இந்தத் தாவல் ஒவ்வொன்றுக்கும் வேகம் கணக்கிட நாங்கள் பயன்படுத்துவது ருடால்ஃப் மார்க்கஸ் 1956-இல் தொடங்கி உருவாக்கிய கோட்பாடு. 1992-இல் அதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு சிக்கல் பாக்கியிருக்கிறது. டி.என்.ஏ. ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. காரங்கள் முறுகுகின்றன, சறுக்குகின்றன, விலகுகின்றன, நெருங்குகின்றன. அடுத்தடுத்த இரு குவானைன்களுக்கு நடுவிலான மின்னிணைப்பின் வலிமை ஒழுங்கான அமைப்பில் 0.08 எலக்ட்ரான் வோல்ட் அளவில் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்குக்குள் அது கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கும் இறங்கும், பழையபடி ஏறவும் செய்யும். ஒவ்வொரு காரத்தின் ஆற்றலும் தண்ணீரின், அயனிகளின் அசைவால் 0.3, 0.4 எலக்ட்ரான் வோல்ட் வரை ஏறி இறங்குகிறது. காரங்களுக்கு நடுவிலான வேறுபாட்டைவிட இந்த அலைவு பெரியது. என் மாணவி ஒருத்தி தன் மடிக்கணினியில் சின்னதாக ஒரு நிரல் எழுதி, நேராக நிற்கும் அசையாத சங்கிலியில் துளையை விட்டுப் பார்த்தாள். ஆற்றல் வேறுபாடுகளில் சிக்கி அது ஓரிரு காரங்களிலேயே அடங்கிவிட்டது. அசைவைச் சேர்த்ததும் நகரத் தொடங்கியது. சில நேரம் அசைவு வழியை மூடுகிறது, சில நேரம் நினைத்தே பார்க்காத வழியைத் திறந்துவிடுகிறது. ஏதோ ஒரு கணத்தில் பல காரங்களின் ஆற்றல்கள் தற்செயலாக ஒன்றாகி நின்றால் துளை ஒரே தாவலில் அத்தனையையும் கடந்துவிடும் என்ற கருத்தை 2014-இல் பெரட்டானும் உடன் பணியாற்றியவர்களும் முன்வைத்தார்கள். மின்கம்பி அன்று என்று 1996-இல் எழுதியவர்களில் ஒருவர் அவர் என்பதைக் கவனியுங்கள்.

பெரட்டானோடு டியூக் பல்கலைக்கழகத்தில் இத்துறையில் ஆய்வு செய்த ரவீந்திர வெங்கட்ரமணி இப்போது நம் கொலாபாவில், டாடா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் இருக்கிறார். 2011-இல் இவர்கள் சேர்ந்து எழுதிய மதிப்புரைக் கட்டுரை, நியூக்ளிக் அமிலங்களில் மின்னூட்டம் கடப்பதைக் கறுப்பு வெள்ளையாகப் பிரிக்க முடியாது, நடுவில் பரந்த சாம்பல் பகுதி இருக்கிறது என்று வாதிட்டது. 2020-இல் அவரும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பிரபால் மைத்தி குழுவினரும் டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் ஒப்பிட்டு ஒரு கணக்கு வெளியிட்டார்கள். முதலில் மூலக்கூறு இயக்கவியல் முறையில், தண்ணீர், அயனி எல்லாவற்றோடும் அணு அணுவாக அசையவிட்டார்கள். அந்த அசைவிலிருந்து பல கணங்களை எடுத்து ஒவ்வொன்றுக்கும் குவாண்டம் முறையில் மின்னிணைப்பைக் கணக்கிட்டார்கள். பிறகு துளை தாவித் தாவிப் போனால் என்ன, அலையாக ஒரே வீச்சில் போனால் என்ன என்று இரண்டு கோட்பாடுகளிலும் கடத்துதிறனைக் கண்டார்கள். இரண்டிலும் டி.என்.ஏ.வே முந்தியது. தாவும் நிலையில் இதற்குக் காரணம் காரங்களின் முறுக்குக் கோணத்திலும் சறுக்கத்திலும் உள்ள வேறுபாடு என்றும் இனங்கண்டார்கள். நம் நகரத்துக்கு உள்ளேயே இந்தத் தரத்தில் வேலை நடக்கிறது என்பதை மாட்டுங்கா, சயான் கல்லூரி மாணவர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதைச் சற்று விரித்துச் சொன்னேன். கொலாபா இங்கிருந்து ஒரு ரயில், ஒரு பேருந்து தூரம்தான்.

இனி உயிருக்கும் இதற்கும் உள்ள தொடர்பு. உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன்.

குவானைனில் வந்து தங்கிய துளையோடு தண்ணீர் வினைபுரிந்து, தொடர்ந்து ஆக்சிஜனேற்றமும் நடந்து, 8-ஆக்சோகுவானைன் உண்டாகிறது. செல் தன்னைப் படியெடுக்கும்போது இதை ஏமாந்து தைமின் என்று வாசித்து எதிரே அடினைனை வைத்துவிடும். அடுத்த தலைமுறையில் குவானைன் இருந்த இடத்தில் தைமின் நிற்கும். ஒரு திடீர்மாற்றம் நிலைத்துவிட்டது. இப்படித் தவறாக வந்த அடினைனை வெட்டி எடுக்க மியூட்-ஒய் என்ற நொதி இருக்கிறது. மனிதரில் அதற்குரிய மரபணு பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதாக வந்தவர்களுக்குப் பெருங்குடலில் கட்டிகள் பெருகிப் புற்றுநோய் வரும் ஆபத்து மிகுதி என்று 2002-இல் கண்டறியப்பட்டது. 8-ஆக்சோகுவானைனின் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் 0.74 வோல்ட் மட்டுமே. குவானைனைக் காட்டிலும் எளிதாக எலக்ட்ரானை இழக்கும். ஆகவே ஒருமுறை கெட்ட இடம் அதற்குப் பிறகு வரும் துளைகளுக்கெல்லாம் பள்ளமாகிவிடுகிறது. கெட்ட இடம் மேலும் கெடுகிறது.

இந்தப் பயணம் சோதனைக் குழாயில் மட்டும் நடக்கிறதா? பார்ட்டன் குழு 1999-இல் 20 நானோமீட்டர் தொலைவு வரை இத்தகைய சேதம் செல்வதைக் காட்டியது. 2001-இல் மனித செல்களிலிருந்து பிரித்த உட்கருவுக்குள்ளேயும், 2008-இல் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயும் இதே வகைத் தடயத்தைக் கண்டது. ஒன்றை மறக்கக் கூடாது. கதிரால் வரும் சேதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கதிர் தண்ணீரை உடைப்பதால் பிறக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பால் நிகழ்வது. அது கிடைத்த இடத்தையெல்லாம் கடிக்கும். டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் 7 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் முடுக்கி இத்தகைய தனி உறுப்புகளின் வேதியியலை நுண்ணொடி அளவில் தொடர்ந்து பார்க்கும் கருவி. நாட்டின் பல பல்கலைக்கழகங்களிலிருந்தும் டி.என்.ஏ. காரங்களின் வினைகளை அளக்க ஆய்வாளர்கள் அங்கே வந்திருக்கிறார்கள். துளையாகப் பயணித்துக் குவானைனில் முடிவது மீதிப் பங்கில் ஒரு பகுதி. பகுதிதான் என்றாலும் எங்கே சேதம் குவியும் என்பதை முன்கூட்டியே சொல்ல முடிவது அந்தப் பகுதியில்தான்.

கதிரே இல்லாமலும் குவானைன் எலக்ட்ரானை இழக்கும். இதை நாம் தாராவியின் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காக வந்த குடும்பங்கள் தாராவியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள். பதனிடும் தொட்டிகளில் பெரும்பாலானவை இன்று அங்கே இல்லை. பை, இடைவார், பணப்பை செய்யும் தோல் தொழில் இருக்கிறது. குரோம் பதனிடலில் பயன்படுவது மூன்றாம் நிலைக் குரோமியம். அது செல்லுக்குள் எளிதில் நுழைவதில்லை. ஆறாம் நிலைக் குரோமியம் அப்படியில்லை. சல்ஃபேட் அயனியின் வடிவத்தை ஒத்த குரோமேட்டாக இருப்பதால் அதே வாசல் வழியே உள்ளே போகிறது. உள்ளே போனதும் செல்லின் ஆக்சிஜனொடுக்கிகள் அதை ஐந்தாம் நிலைக்கு இறக்குகின்றன. ஐந்தாம் நிலைக் குரோமியம் டி.என்.ஏ.வில் தேடிப் பிடிப்பது குவானைனை. 8-ஆக்சோகுவானைன் இருந்தால் அதை இன்னும் ஆவலோடு தாக்குகிறது. ஆறாம் நிலைக் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பது உலக அளவில் ஏற்கப்பட்ட முடிவு. வேலூருக்கு அருகே ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவு மேட்டிலிருந்து நிலத்தடி நீருக்கு இறங்குவதும் இதே ஆறாம் நிலைக் குரோமியம்தான். சென்னையில் 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் டி. ராமசாமி, பாலச்சந்திரன் உண்ணி நாயர் ஆகியோர் குரோமியம் உயிர்ச்செல்களை என்ன செய்கிறது என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். எலக்ட்ரான் பரிமாற்ற வேதியியலில் பயின்ற ராமசாமி, தோல் தொழிலின் நஞ்சைப் புரிந்துகொள்ள அந்தப் பயிற்சியைக் கொண்டுவந்ததை நான் மிகவும் மதிக்கிறேன். எலக்ட்ரான் ஓர் அணுவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது யாருக்கோ உரிய நுண்பொருள் என்று நினைக்கும் நண்பர்கள், தொட்டியில் கையை நனைத்தவர்களின் உடலுக்குள் அது நடந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னவற்றில் பெரிய சர்ச்சை இல்லை. செல் இந்த மின்னோட்டத்தைத் தன் நன்மைக்குப் பயன்படுத்துகிறதா என்பதில் சர்ச்சை இருக்கிறது. மியூட்-ஒய் உள்ளிட்ட பல பழுதுநீக்கு நொதிகளில் நான்கு இரும்பு, நான்கு கந்தக அணுக்கள் கொண்ட ஒரு கொத்து இருக்கிறது. பழுதைத் தேடும் நொதிகள் டி.என்.ஏ. வழியே ஒன்றுக்கொன்று எலக்ட்ரானை அனுப்பிப் பார்க்கின்றன, நடுவில் பழுது இருந்தால் எலக்ட்ரான் போய்ச் சேராது, அப்போது நொதி அங்கேயே தங்கித் தேடும் என்பது பார்ட்டனின் கருதுகோள். கோடிக்கணக்கான நல்ல காரங்களுக்கு நடுவே ஒரு கெட்ட காரத்தை நொதிகள் இத்தனை விரைவில் எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்ற கேள்விக்கு இது மிக அழகான விடை. 2017-இல் டி.என்.ஏ. படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் பிரைமேஸ் நொதிக்கும் இதே விளக்கத்தை அவர் குழு சயன்ஸ் இதழில் நீட்டியது. புரத அமைப்பை ஆராய்வோர் இருவேறு குழுக்களாக அதே இதழில் மறுப்பு எழுதினார்கள். அந்தக் கொத்து நொதியின் உருவத்தைத் தாங்கி நிற்க மட்டும் இருக்கலாம், எலக்ட்ரான் பாதை என்று சொல்லப்பட்ட இடத்தின் அமைப்பே வேறு என்பது அவர்கள் வாதம். என் கருத்தைக் கேட்டால், சேதம் பயணிக்கிறது என்பதற்கு உள்ள சான்றின் வலு, செய்தி பயணிக்கிறது என்பதற்கு இன்னும் கிடைக்கவில்லை. கருதுகோளின் அழகு சான்றாகாது.

கணினி மாதிரிகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2008-இல் ஷீ, ரோஷ், ரோமர் மூவரும் பி-53 என்ற புற்றுநோய்த் தடுப்பு மரபணுவை எடுத்துக்கொண்டு, அதில் சாத்தியமான ஒற்றை எழுத்து மாற்றங்கள் அனைத்துக்கும் துளைக் கடத்தல் எவ்வளவு மாறுகிறது என்று கணக்கிட்டார்கள். நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படும் மாற்றங்கள் கடத்தலை மிகக் குறைவாகவே மாற்றுகின்றன என்று கண்டார்கள். பழுதைத் தேடும் நொதியின் கண்ணுக்கு அவை தப்பிவிடுகின்றனவோ என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் பி-53-இல் மாற்றம் குவியும் இடங்கள் பலவற்றில் சைட்டோசினுக்கு அடுத்துக் குவானைன் வருகிறது. அங்கே சைட்டோசின் மெத்தில் ஏற்று, பிறகு அமினை இழந்து தானாகவே தைமினாகிவிடும் என்ற பழைய, உறுதியான விளக்கம் ஏற்கனவே இருக்கிறது. இரண்டு விளக்கங்களையும் பிரித்துக்காட்டும் கணக்கு தேவை. மேலும், ஷீ குழுவினர் எடுத்துக்கொண்டது ஆடையில்லாத, அசையாத, எழுத்துச் சங்கிலி மட்டும். செல்லில் டி.என்.ஏ. அப்படி இல்லை. 147 இணைகளுக்கு ஒரு கட்டாக ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி ஒன்றேமுக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றிக் கிடக்கிறது. இப்படிச் சுற்றிய நிலையிலும் துளை பயணித்துக் குவானைனில் சேதம் செய்கிறது என்பதை 2002-இல் பார்ட்டன் குழு சோதனையில் காட்டிவிட்டது. அந்த வளைவில் எந்தெந்தக் குவானைனுக்கு ஆபத்து கூடுகிறது, மெத்தில் ஏறிய சைட்டோசின் பக்கத்தில் இருந்தால் எவ்வளவு மாறுகிறது என்பதை அசைவோடும் தண்ணீரோடும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மாணவர்களே, இதற்கு வேண்டியவை எல்லாம் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. பி-53-இன் எழுத்து வரிசை எவரும் இறக்கிக்கொள்ளக் கூடியது. நோயாளிகளிடம் கண்ட மாற்றங்களின் தொகுப்பும் பொதுவில் இருக்கிறது. மூலக்கூறுகளை அசையவிடும் மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. முதலில் பத்து இணைகளை எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீரில் அசையவிடுங்கள், கீஸேயின் முடிவு உங்கள் கணக்கில் வருகிறதா என்று பாருங்கள். மூன்று அடினைன் வரை பத்துப் பத்து மடங்காகக் குறைந்து, நான்காவதிலிருந்து தாவல் தொடங்க வேண்டும். வந்துவிட்டால் பி-53-க்குப் போங்கள். வராவிட்டால் எதை விட்டீர்கள் என்று தேடுங்கள். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளை ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவோடு நில்லாமல், இப்படிக் கணக்குப் போடத் துணியும் ஒரு மாணவருக்கு, அவர் தாராவியின் ஒற்றை அறை வீட்டிலிருந்து வருபவராக இருந்தால் முதலில் அவருக்கு, ஒரு நல்ல கணினியும் கொலாபா போய்வரச் செலவும் தர வேண்டும் என்று அறங்காவலர்களை இந்த மேடையிலிருந்தே கேட்டுக்கொள்கிறேன்.